பிறிட்ஜுக்குப் பதிவேடு, பிரதிநிதிக்குப் பொன்னாடை

பொங்கல் கழிந்து மூன்றாம் நாள் இரவு. ஒஸ்லோ நகரின் நடுவில், நாங்கள் வேலை செய்யும் ரெஸ்ரோரண்டின் குசினி. கடைசி மேசைக்கான சாப்பாடு வெளியே போய்விட்டது. ஒருவர் அடுப்பைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். ஒருவர் பாத்திரம் கழுவும் மெஷினை நிற்பாட்டித் தண்ணீரை இறக்குகிறார். ஒருவர் குளிர் அறைக்குள் நின்று வெப்பநிலையைப் பார்த்துத் தாளில் எழுதுகிறார். அந்த நேரத்தில்தான் எங்களில் மூத்தவரான அண்ணையின் போனுக்கு லண்டனிலிருந்து ஒரு படம் வந்தது.

படத்தில் ஒரு பிரித்தானியப் பாராளுமன்ற உறுப்பினர். தோளில் பொன்னாடை, நெற்றியில் சந்தனம், கையில் குத்துவிளக்கு ஏற்றும் மெழுகுதிரி. சுற்றிவர எங்கள் ஆட்கள்.

"பாருங்கோ, எங்கடை ஆள். வணக்கம் எண்டு தமிழிலைதான் தொடங்கினவராம்" என்றார் அண்ணை.

"அண்ணை, உவர் பாராளுமன்றத்திலை எங்களுக்கு என்ன செய்தவர்?" என்று கேட்டான் எங்களில் இளையவன்.

"எல்லாம் செய்யிறவர்தான்."

"எல்லாம் எண்டா?"

அண்ணையிடம் பதில் இல்லை. எங்கள் ஒருவரிடமும் இல்லை. கையைத் துடைத்துவிட்டுப் போனில் தேடிப் பார்த்தோம். அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. அந்த மனிதரின் பெயருக்கு நேரே, அவர் பேசிய பேச்சுக்கள், கேட்ட கேள்விகள், போட்ட வாக்குகள் எல்லாம் தேதிவாரியாக இருந்தன. இலங்கை பற்றி அவர் பல ஆண்டுகளில் கேட்டது ஒரேயொரு எழுத்துமூலக் கேள்வி. அதற்கு அரசாங்கம் சொன்னது நாலு வரிப் பதில். அதன் பிறகு அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஆனால் 2022இல் அகதிகளுக்கு எதிராக வந்த 'தேசியம் மற்றும் எல்லைகள்' சட்டத்துக்கு அவர் தவறாமல் ஆதரவாக வாக்களித்திருக்கிறார். 2023இல் வந்த 'சட்டவிரோதக் குடிவரவு' சட்டத்துக்கும் அப்படியே.

அண்ணையின் மருமகன், அவரின் சொந்தத் தங்கச்சியின் மகன், லண்டனுக்கு வெளியே ஏதோ ஒரு ஹொட்டலில் அகதி விண்ணப்பத்தோடு இரண்டாவது வருசமாகக் காத்திருக்கிறான். பொன்னாடை போர்த்தியவர்களில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு மருமகனோ தம்பியோ இருப்பான் என்று எங்களுக்குத் தெரியாது. அண்ணை போனைப் பொக்கற்றுக்குள் வைத்தார். "உதுகளை எல்லாம் ஆர் பாக்கிறது?" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தோடுதான் எங்களுக்குச் சண்டை. அண்ணையோடு அல்ல. அவர் எங்களுக்குச் சாப்பாடு போட்டவர். 'உதுகளை ஆர் பாக்கிறது' என்ற அந்த மனப்பான்மையோடுதான். புலம்பெயர்ந்த தமிழரின் அரசியல் கடந்த பல ஆண்டுகளாக இந்த மனப்பான்மையிலேயே நடந்து வருகிறது. ஆளின் முகத்தைப் பார்ப்போம், வணக்கத்தைக் கேட்போம், படம் எடுப்போம், 'எங்கடை ஆள்' என்று பட்டம் கொடுப்போம். பதிவைப் பார்க்க மாட்டோம்.

* * *

பதிவு என்பது சும்மா கிடைத்ததல்ல. பிரித்தானியப் பாராளுமன்றத்தில் பேசப்படுவதை வெளியே அச்சிடுவது ஒரு காலத்தில் குற்றமாக இருந்தது. 1771இல் சபை விவாதங்களை அச்சிட்டதற்காக அச்சகக்காரரைப் பிடிக்க ஆள் அனுப்பினார்கள். லண்டன் நகரசபை அந்த அச்சகக்காரரின் பக்கம் நின்றது. சனம் தெருவுக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் சபை மெல்ல மெல்லப் பின்வாங்கியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹன்சார்ட் என்ற அச்சகக்காரரின் குடும்பம் அச்சிட்ட அறிக்கையே இன்று 'ஹன்சார்ட்' என்ற பெயரில் உத்தியோகபூர்வப் பதிவாக நிற்கிறது. யார் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்ற பட்டியலைச் சபையே வெளியிடத் தொடங்கியது 1836இல். 2004இல் தன்னார்வ இளைஞர்கள் சிலர் இவற்றை எல்லாம் கணினியில் ஏற்றி, உறுப்பினரின் பெயரைத் தட்டினாலே அவரின் வாக்கும் பேச்சும் கேள்வியும் ஒன்றாக வரும்படி செய்தார்கள். அதற்கு முன் நூலகத்தில் கிடந்து புரட்ட வேண்டியதை இன்று பாத்திரம் கழுவுகிறவன் இடைவேளையில் பார்க்கலாம்.

ஆனால் பார்ப்பவர்கள் நாங்களல்ல. எங்களுக்கு எதிராக நிற்பவர்கள் பார்க்கிறார்கள்.

நேஸ்பி பிரபு என்றொருவர். மைக்கல் மொறிஸ் என்ற பெயரில் 1974இலிருந்து 1997வரை மக்கள் சபையில் கொன்சர்வேட்டிவ் உறுப்பினராகவும், கடைசி ஐந்து ஆண்டுகள் துணைச் சபாநாயகராகவும் இருந்தவர். பிறகு பிரபுக்கள் சபைக்குப் போனார். இலங்கை அரசு 2005இல் அவருக்கு 'ஸ்ரீலங்கா ரத்ன' விருது கொடுத்தது. அவர் யாருடைய நண்பர் என்பதில் ஒளிவுமறைவு இல்லை. ஆண்டுக்கணக்காக இலங்கை பற்றிக் கேள்வி கேட்டு வந்தார். 2009இன் முதல் ஐந்து மாதங்களில் கொழும்பில் இருந்த பிரித்தானியப் பாதுகாப்பு ஆலோசகர் லண்டனுக்கு அனுப்பிய குறிப்புகளைத் தகவல் அறியும் சட்டத்தின்கீழ் கேட்டார். வெளிநாட்டமைச்சு மறுத்தது. அவர் விடவில்லை. மேன்முறையீடு செய்து, கடைசியில் கறுப்பு மை பூசிய சில பத்துப் பக்கங்களைப் பெற்றார். அவற்றை வைத்துக்கொண்டு 2017 ஒக்ரோபர் 12ஆம் தேதி பிரபுக்கள் சபையில் எழுந்து, இறுதிப் போரில் செத்த பொதுமக்கள் 40,000 அல்ல, 7,000 அல்லது 8,000 தான், ஐ.நா. அதை ஏற்க வேண்டும் என்று பேசினார். இலங்கை அரசு தரப்பு அந்தப் பேச்சை ஜெனீவா வரை தூக்கிக்கொண்டு போனது.

அவர் சொன்ன கணக்கு தவறு என்பது எங்கள் நிலைப்பாடு. ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு 2011இல் 40,000 வரை இறந்திருக்கக்கூடும் என்பதை மறுக்க முடியாது என்றது. ஐ.நா.வின் உள்ளக மீளாய்வு 2012இல் 70,000க்கும் மேற்பட்டோருக்குக் கணக்கில்லை என்றது. மை பூசிய குறிப்பில் தெரிகிற வரியை மட்டும் வைத்து, தெரியாத வரியில் எதுவுமில்லை என்று சொல்வது வாதமல்ல. ஆனால் இங்கே நாங்கள் கேட்பது வேறு. அந்தக் குறிப்புகளைக் கேட்கும் உரிமை பிரபுவுக்கு மட்டும் உரியதா? பிரித்தானியாவின் தகவல் அறியும் சட்டம் 2005 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. உலகின் எந்த மூலையில் இருக்கிறவரும், எந்த நாட்டுக் குடியுரிமை உள்ளவரும் அதன்கீழ் கேட்கலாம். செத்தது எங்கள் சனம். குறிப்பைக் கேட்டு வாங்கியது அவர்களைக் கொன்ற அரசின் நண்பர்! 2009இல் லண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் ஏப்ரலிலிருந்து ஜூன் வரை எழுபதுக்கு மேற்பட்ட நாட்கள் இரவு பகலாக நின்றவர்கள் நாம். இங்கே ஒஸ்லோவில் ஸ்தூர்திங்கின் முன்னால், ஏப்ரல் குளிரில் பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நின்றவர்கள் நாம். சத்தம் போட எங்களைவிட ஆளில்லை. ஒரு கடிதம் எழுதி, மறுப்பு வந்தால் மேன்முறையீடு எழுதி, அதையும் மறுத்தால் மறுபடி எழுதி, வருசக்கணக்காக ஒரு தாளுக்குப் பின்னால் நடக்க எங்களுக்குப் பொறுமை இருக்கவில்லை. நேஸ்பிக்கு இருந்தது. எதிரியிடம் படிக்க வெட்கப்படுகிறவன் தோற்றுக்கொண்டே இருப்பான்.

* * *

இரண்டாவது ஆள் நேஸ்பியைப் போல வெளிப்படையானவர் அல்ல. வட அயர்லாந்தின் வட அன்ட்ரிம் தொகுதி உறுப்பினர் இயன் பெய்ஸ்லி, இளையவர். 2013இல் அவரும் குடும்பமும் இரண்டு தடவை இலங்கைக்கு விடுமுறை போனார்கள். விமானச் சீட்டு, ஹொட்டல், ஹெலிகொப்டர் எல்லாம் இலங்கை அரசின் செலவு. பிரித்தானிய உறுப்பினர் ஒருவர் இப்படி எதையாவது பெற்றால் 28 நாளுக்குள் நலன்கள் பதிவேட்டில் எழுத வேண்டும். அவர் எழுதவில்லை. 2014 மார்ச்சில், ஜெனீவாவில் இலங்கை மீதான சர்வதேச விசாரணைக்கான தீர்மானம் வரவிருந்த அந்த நாட்களில், பிரதமர் டேவிட் கமரூனுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். அந்தத் தீர்மானம் வேண்டாம் என்பதுதான் கடிதத்தின் சாரம். யாருடைய காசில் விடுமுறை போனேன் என்பது அதில் இல்லை.

தீர்மானம் அந்த மாதம் 27ஆம் தேதி 23 வாக்குகளால் நிறைவேறியது. எதிர்த்தவை 12, ஒதுங்கியவை 12. பிரித்தானியா ஆதரித்தது. பெய்ஸ்லியின் கடிதம் பலிக்கவில்லை. ஆனால் விசயம் வெளிவர மூன்றரை ஆண்டு ஆனது. 2017 செப்டெம்பரில் ஒரு லண்டன் பத்திரிகை அதை வெளியிட்டது. பாராளுமன்ற ஒழுக்கக் குழு விசாரித்து 2018 ஜூலையில் 'பாரதூரமான தவறு' என்று தீர்ப்புச் சொன்னது. சபை அவரை 30 அமர்வு நாட்களுக்கு இடைநிறுத்தியது. பல தசாப்தங்களில் யாருக்கும் கிடைக்காத நீண்ட தண்டனை அது.

அதோடு 2015இல் வந்த திரும்ப அழைக்கும் சட்டம் முதல் தடவையாகப் பாவிக்கப்பட்டது. தொகுதி வாக்காளரில் பத்து வீதத்தினர் ஆறு வாரத்துக்குள் கையெழுத்திட்டால் அவர் பதவி இழந்து இடைத்தேர்தல் வரும். தேவைப்பட்டது 7,543 கையெழுத்து. விழுந்தது 7,099. 444 கையெழுத்துக் குறைவால் தப்பிவிட்டார். மறுபடி 2019இலும் வென்றார். கடைசியில் 2024 ஜூலையில் ஜிம் அலிஸ்டர் என்பவரிடம் 450 வாக்கால் தோற்றார். 1970இல் தகப்பன் பிடித்த தொகுதியை 54 ஆண்டுக்குப் பிறகு அந்தக் குடும்பம் இழந்தது. இந்தத் தோல்விக்கு எங்கள் விசயம்தான் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. அது அவர்களின் உள்ளூர் அரசியல்.

நாங்கள் சொல்வது இதுதான். முள்ளிவாய்க்கால் விசாரணையை நிறுத்தச் சொல்லி எழுதிய ஒருவரின் தலைவிதி 444 கையெழுத்தில் தொங்கிய அந்த ஆறு வாரமும் எங்கள் மண்டபங்களில் என்ன பேசப்பட்டது? நாங்கள் போன ஒரு கூட்டத்திலும் அவரின் பெயரை யாரும் சொல்லக் கேட்கவில்லை. கையெழுத்துப் போடும் உரிமை அந்தத் தொகுதிக்காரருக்கு மட்டும் உரியது என்பது உண்மை. ஆனால் அவர்களுக்கு ஒரு துண்டுப் பிரசுரம் எழுதலாம். 'உங்கள் உறுப்பினர் வாங்கிய விடுமுறையின் மறுபக்கத்தில் நாங்கள் இருக்கிறோம், எங்கள் காணாமல் போனவர்கள் இருக்கிறார்கள்' என்று பலிமீனாவிலும் பலிமணியிலும் உள்ள ஒரு தேநீர்க்கடைக்காரருக்குச் சொல்லலாம். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. எங்களுக்கு விசயமே தெரியாது என்பதுதான் தடை. எங்களுக்காக ஒரு பத்திரிகையாளர் கண்டுபிடித்தார், ஒரு ஆணையாளர் விசாரித்தார், அயர்லாந்துக்காரர் ஏழாயிரம் பேர் கையெழுத்திட்டார்கள். நாம் அந்த வருசமும் பொங்கலுக்குப் பொன்னாடை வாங்கினோம்.

* * *

இதற்குச் சிலர் மறுப்புச் சொல்வார்கள். 'வாக்குக் கணக்கைப் பார்த்து என்ன பயன்? அவர்கள் கட்சிக் கொறடா சொன்னபடிதானே கை தூக்குகிறார்கள்?'

பாதி உண்மை. வராமல் விட்டவர் நோயாளியாக இருக்கலாம். எதிர்த்து வாக்களித்தவர் சட்டம் போதாது என்று எதிர்த்திருக்கலாம். எத்தனை தடவை பேசினார் என்ற எண்ணிக்கையும் ஏமாற்றும். பேச்சுக் கணக்கைக் கூட்டுவதற்காகவே சில உறுப்பினர் விவாதங்களில் இடையில் எழும்பி ஒரு வரி சொல்லிவிட்டு உட்காருகிறார்கள் என்ற குற்றச்சாட்டு 2006 அளவிலேயே பிரித்தானியாவில் எழுந்துவிட்டது. பெய்ஸ்லியின் கடிதமோ சபையில் பேசப்படவேயில்லை. வாக்கையும் பேச்சையும் மட்டும் பார்த்திருந்தால் அது அகப்பட்டிருக்காது. ஆகவே எண்ணைப் பார்த்துவிட்டு நிறுத்தக்கூடாது. என்ன கேட்டார், என்ன பதில் வந்தது, அந்தப் பதிலோடு திருப்திப்பட்டாரா, மறுபடி கேட்டாரா, யார் காசில் எங்கே போனார், அதைப் பதிந்தாரா என்று வாசிக்க வேண்டும். கொறடா சொன்னபடிதான் வாக்களித்தார் என்றால், அப்போது 'எங்கடை ஆள்' என்ற பட்டம் எதற்கு? கொறடாவுக்கே பொன்னாடையைப் போர்த்தலாமே!

இதில் ஒரு உயிர்ப்பிரச்சினை இருக்கிறது. 2021 ஒக்ரோபரில் 89 தமிழர் ஏறிவந்த படகு ஒன்று இந்து சமுத்திரத்தில் பழுதாகி, பிரித்தானியாவின் பிடியில் இருந்த டியாகோ கார்சியாவில் கரைசேர்ந்தது. அமெரிக்க இராணுவத் தளம் உள்ள தீவு. அங்கே வேலியடைத்த ஒரு முகாமில், கூடாரங்களுக்குள், எலிகளோடு, பிள்ளைகளும் பெண்களுமாக அவர்களை வைத்தார்கள். மூன்று ஆண்டுக்கு மேல். 2024 டிசம்பரில்தான் பெரும்பாலானோரைப் பிரித்தானியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களைத் தடுத்து வைத்தது சட்டவிரோதம் என்று நீதிமன்றம் அந்த மாதமே தீர்ப்பளித்தது. அவர்கள் கூடாரத்தில் இருந்த அதே காலத்தில்தான் பிரித்தானியப் பாராளுமன்றம் 2022இலும் 2023இலும் 2024இலும் அகதிகளுக்கு எதிராக மூன்று சட்டங்களை நிறைவேற்றியது. மூன்றாவது, அகதிகளை ருவாண்டாவுக்கு அனுப்புவதற்கான சட்டம். அதே ஆண்டு ஆட்சி மாறியதும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. டியாகோ கார்சியாச் சனத்துக்காக வழக்காடியவர்கள் சட்டத்தரணிகள். அதை உலகுக்குச் சொன்னவர்கள் பத்திரிகையாளர்கள். எங்கள் பொங்கல் விழாக்களில் விளக்கேற்றியவர்கள் அந்த மூன்று ஆண்டும் அந்தத் தீவு பற்றி எத்தனை கேள்வி கேட்டார்கள்? எங்களிடம் கேட்காதீர்கள். ஹன்சார்ட்டில் இருக்கிறது, போய்ப் பாருங்கள். பார்த்துவிட்டு அடுத்த அழைப்பிதழை அச்சடியுங்கள்.

* * *

லண்டனைப் பற்றி ஒஸ்லோவில் இருந்து எழுதுவது இலேசு. இங்கே நாம் என்ன செய்கிறோம்?

ஸ்தூர்திங்கில் 169 உறுப்பினர்கள். இங்கே கட்சிப் பட்டியலுக்குத்தான் வாக்கு. இடைத்தேர்தல் இல்லை, திரும்ப அழைக்கும் சட்டம் இல்லை. ஒருமுறை போனவர் நாலு வருசம் இருப்பார், இடையில் சபையைக் கலைக்கவும் முடியாது. அதனால் பிரித்தானியரைவிட எங்களுக்குத்தான் பதிவை வாசிக்க வேண்டிய தேவை அதிகம். வசதியும் இருக்கிறது. புதன்கிழமைகளில் கேள்வி நேரம். எழுத்துமூலக் கேள்விக்கு அமைச்சர் ஆறு வேலைநாளுக்குள் பதில் எழுத வேண்டும். கேள்வி, பதில், பேச்சு, வாக்கு, உறுப்பினரின் பொருளாதார நலன் எல்லாம் பொதுவில் இருக்கின்றன. அமைச்சுகளின் ஆவணங்களை யாரும், பெயர்கூடச் சொல்லாமல், கேட்கலாம். நோர்வே இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கும் சட்டத்தை 2018 டிசம்பரில் இயற்றி 2020 ஜனவரி 1இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதை எந்தக் கட்சி ஆதரித்தது, எந்தக் கட்சி எதிர்த்தது என்று எங்களில் எத்தனை பேர் பார்த்தோம்? பார்த்தால் சிலர் தலைமுறையாகப் போட்டுவரும் வாக்கை ஒருமுறை யோசிப்பார்கள்.

2021இல் கம்சாயினி குணரத்தினம் ஒஸ்லோவிலிருந்து தொழிற்கட்சி சார்பில் ஸ்தூர்திங்குக்குத் தெரிவானபோது நாங்களும் சந்தோசப்பட்டோம். யாழ்ப்பாணத்தில் பிறந்து, மூன்று வயதில் அகதியாக வந்து, 2011இல் உத்தோயா தீவின் படுகொலையிலிருந்து நீந்தித் தப்பி, 27 வயதில் ஒஸ்லோவின் துணை மேயரான பெண். பெருமைப்படாமல் இருக்க நாங்கள் மரக்கட்டையல்ல. பிரித்தானியாவில் 2024இல் உமா குமரன் ஸ்ராட்போர்ட் தொகுதியில் வென்றபோதும் அப்படித்தான். ஆனால் பெருமை ஒரு நாள் வேலை. அடுத்த நாளிலிருந்து அவர்களும் மற்றவர்களைப் போல ஒரு கட்சியின் உறுப்பினர்கள். அவர்கள் எங்கள் சித்தியின் மகளோ ஊர்க்காரியோ என்பதால் வாசிக்காமல் விடுவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை அல்ல. ஒருவரின் வேலையைப் பதிவில் பார்த்து, நல்லதற்கு நன்றி எழுதி, பிழைத்த இடத்தில் காரணம் கேட்டு எழுதுவதுதான் அவரைப் பிரதிநிதியாக மதிப்பது. பெயரைப் பார்த்துக் கைதட்டுவது அவரைக் கொலுவில் வைப்பது.

* * *

ஏன் எங்களுக்கு இந்தப் பழக்கம் வரவில்லை? இதுதான் இந்தக் கட்டுரையின் கசப்பான பகுதி. சொல்லாமல் விட்டால் மேலே எழுதியது எல்லாம் ஊருக்கு உபதேசம்.

எங்களில் இரண்டு பேர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிப்பைப் பாதியில் விட்டு வந்தவர்கள். அந்தப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் படிப்பித்த ராஜனி திராணகம, எல்லாத் தரப்பின் கொலைகளையும் தேதி போட்டு எழுதியவர், 1989 செப்டெம்பர் 21இல் சைக்கிளில் வீட்டுக்குப் போகும் வழியில் சுடப்பட்டார். 1994 மே முதலாம் திகதி பாரிசில் சபாலிங்கம் தன் வீட்டிலேயே சுடப்பட்டார். பதிவு வைத்தவருக்கும் கேள்வி கேட்டவருக்கும் எங்கள் சமூகம் கொடுத்த பரிசு இது. நாங்கள் அப்போது பிறக்காதவர்கள், அல்லது பால்குடிகள். ஆனால் அந்த மௌனத்தை முதுசமாக வாங்கி வளர்ந்தோம். கூட்டத்தில் எழும்பிக் கேள்வி கேட்டால் பக்கத்தில் இருப்பவர் சேட்டைப் பிடித்து இழுப்பார். கொடுத்த காசுக்குக் கணக்குக் கேட்டால் 'இவன் ஆற்றை ஆள்?' என்பார்கள். ஒஸ்லோவில் கடன் எடுத்துக் கொடுத்த குடும்பங்கள் இருக்கின்றன. மீன் தொழிற்சாலையில் விரல் விறைக்க உழைத்ததைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். 2009க்குப் பிறகு அவர்களுக்கு ஒரு தாளில் கணக்குக் கொடுத்தவர் யார்?

நோர்வே இலங்கைச் சமாதான முயற்சியில் தோற்றது. எரிக் சூல்ஹைமும் மற்றவர்களும் விட்ட பிழைகளைப் பற்றி எங்களுக்கு ஆயிரம் குறை உண்டு. ஆனால் நோர்வே அரசு தன் தோல்வியை மதிப்பிடும்படி வெளி ஆய்வாளரிடம் காசு கொடுத்துக் கேட்டு, 2011இல் அந்த மதிப்பீட்டைப் பகிரங்கமாக வெளியிட்டது. நூற்றுக்கு மேற்பட்ட பக்கம். யாரும் வாங்கி வாசிக்கலாம், திட்டலாம். எங்கள் தரப்பில் அப்படி ஒரு பக்கமாவது வந்ததா?

தன் தலைவரிடம் கணக்குக் கேட்டுப் பழகாதவன், வெள்ளைக்காரப் பிரதிநிதியிடம் எப்படிக் கேட்பான்? அவனுக்குத் தெரிந்தது இரண்டே சடங்கு: பொன்னாடை போர்த்துவது அல்லது துரோகி என்பது. இரண்டுக்கும் நடுவே, ஒரு தாளை வைத்துக்கொண்டு 'ஐயா, இந்தத் தேதியில் இப்படி வாக்களித்திருக்கிறீர்கள், ஏன்?' என்று மரியாதையாகக் கேட்கிற ஒரு இடம் இருக்கிறது. அந்த இடத்தில் நின்று எங்களுக்குப் பழக்கமில்லை. குடியுரிமை என்பது அந்த இடம்தான். கடவுச்சீட்டு எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டால் மட்டும் அது வந்துவிடாது.

* * *

எங்கள் குசினியில் ஒரு தாள் தொங்குகிறது. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பிறிட்ஜின் வெப்பநிலையும் அதில் எழுத வேண்டும். நாலு பாகைக்கு மேல் போனால் 'அவிக்' என்று எழுதி, என்ன செய்தோம் என்றும் எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். உணவுப் பரிசோதகர் முன்னறிவித்தல் இல்லாமல் வருவார். கொக் நல்லவரா, வணக்கம் சொன்னாரா என்று அவர் பார்ப்பதில்லை. பிறிட்ஜைத் திறந்து பார்ப்பார், பிறகு தாளைக் கேட்பார். முடிவை வாசலில், சாப்பிட வருகிறவன் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும். சிரித்த முகமோ, நேர்கோட்டு வாயோ, சுழித்த முகமோ, எது கிடைத்ததோ அது.

கோழி இறைச்சி பழுதாகக் கூடாது என்பதற்கு இவ்வளவு கணக்கு. எங்கள் பிள்ளைகளின் எதிர்காலத்தையும் செத்தவர்களின் நீதியையும் ஒப்படைக்கும் ஆளுக்கு ஒரு தாள்கூட இல்லையா?

ஆகவே மண்டபம் எடுப்பவர்களிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த தைப்பொங்கலுக்கு யாரையும் அழையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. விளக்கேற்றட்டும், பொங்கல் சாப்பிடட்டும். ஆனால் பொன்னாடை போர்த்த முன், மேடையில் அவர் இருக்கும்போதே, ஒரு தாளை உரத்து வாசியுங்கள். கடந்த வருசம் எங்கள் விசயத்தில் என்ன கேட்டார், அகதிகள் பற்றிய சட்டத்தில் எப்படி வாக்களித்தார், யார் செலவில் எங்கே போனார், மூன்றே விசயம். பிறகு அவருக்கு ஒலிவாங்கியைக் கொடுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவர் அடுத்த வருசமும் வருவார். சொல்ல மாட்டாதவர் வரமாட்டார், நட்டமில்லை. அதே மேடையில், அதே நாளில், விழாக் குழுவின் வரவு செலவையும் வாசித்துவிடுங்கள். அப்போதுதான் கேட்கிற வாய்க்கு உரிமை வரும்.

தாளைத் தயாரிக்க ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள். இரவு பதினொன்றரைக்குப் பிறகு நாங்கள் வேலை முடிந்து நிற்போம். அண்ணையும் வருவார். போன கிழமை மருமகனின் தொகுதி உறுப்பினர் யாரென்று கேட்டு, அந்தப் பெயரை எழுத்துக்கூட்டித் தட்டத் தொடங்கிவிட்டார்.